விடியுமட்டும் நிற்காத பற்றரி

காலையில் தேத்தண்ணி வைக்கும் முன்னமே வீரகத்தி பாலை மரத்தடிக்குப் போய் நின்றுவிடுவார். கதிரவெளிக்கு மேற்கே காட்டோடு ஒட்டிக் கிடக்கும், காடு வெட்டிப் பயிரிட்ட அவருடைய சேனையில் போனுக்கு சிக்னல் பிடிப்பது அந்த மரத்தடியில் மட்டும்தான். மரத்தின் கிளை பிரியும் கவரில் ஒரு ஹோர்ன் ஸ்பீக்கரும், பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி ஒரு சோளார் தகடும் இருந்தன. கையெட்டும் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள்ளே உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு பச்சைப் பலகை. இதுதான் கொம்பியூட்டர் என்று மகன் சொன்னபோது வீரகத்தி நம்பவில்லை. கொம்பியூட்டர் என்றால் டீவி மாதிரி ஒரு முகம் இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். பலகைக்குப் பக்கத்தில் பெருவிரல் தடிப்பில் நாலு லிதியம் பற்றரிகள், ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றியபடி படுத்திருக்கும்.

போன் அடித்தது. கட்டாரில் அப்போது இன்னும் விடியவில்லை. மகன் நிஷாந்த் வேலைக்கு பஸ் ஏறுமுன் கோல் எடுப்பான்.

"அப்பா, மீட்டர் கையில இரிக்கா?"

"இரிக்கு மனே."

"கறுப்பு வயர பற்றரிட தட்டைப் பக்கம் பிடிங்க. சிவப்ப மற்றப் பக்கத்தில முட்டுங்க. எவ்வளவு காட்டுது?"

"மூணு."

"மூணுக்குப் பொறகு?"

"மூணு, குத்து, மறுகா சைபர்."

"அப்ப ராத்திரியும் இடையில நிண்டுபோட்டு."

"நிண்டுபோட்டு மனே. நான் பாக்கக்குள்ள லைட்டும் இல்ல, ஒண்டும் இல்ல."

அங்கே மகன் பெருமூச்சு விட்டான். இங்கே தகப்பனுக்கு அப்படியொன்றும் கவலை இல்லை. பற்றரி சாகச் சாக மனுசனுக்கு உயிர் வந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

ஏனென்றால் நிஷாந்த் கட்டாருக்குப் போன நாலு வருசத்தில் மாதத்துக்கு ஒருமுறைதான் பேசுவான். சுகமா அப்பா, ஓம். சாப்பிட்டீங்களா, ஓம். அம்மா எங்க, அந்தா. அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வாய் வராது. ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். தகப்பனும் மகனும் அப்படித்தான். அன்பில்லாமல் இல்லை, அதை எடுத்து வைக்க இடமில்லாமல் இருந்தது. இப்போது பற்றரிக்கு நோய் வந்தபிறகு தினமும் பேச்சு. வயரைப் பிடிக்கவேண்டும், தகட்டில் காகத்தின் எச்சம் இருக்கிறதா பார்க்கவேண்டும், நேற்று எத்தனை மணிவரை மூட்டம் கிடந்தது என்று சொல்லவேண்டும்.

"இன்னொருக்காப் பாக்கட்டா மனே? நான் சரியாப் பிடிக்கல்லயோ என்னவோ."

"சரி, பாருங்க."

மீண்டும் பார்த்தார். அதே மூன்றுதான். பஸ் வந்துவிட்டது என்று மகன் வைத்துவிட்டான். வீரகத்தி போனை மடிக்குள் செருகிக்கொண்டு, வாடைக்காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்த சோளன் பயிரைப் பார்த்தபடி வாடிக் குடிசைக்கு நடந்தார். அன்றைக்கு முழுக்க அவரோடு பேச வேறு ஆள் இல்லை.

முன்பெல்லாம் அந்தக் காட்டோரத்தில் வரிசையாகச் சேனைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மரத்துமேல் ஒரு காவல் பரண். பொழுதுபட்டால் ஒரு பரணிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். அடுத்த பரண் அதற்குப் பதில் கொடுக்கவேண்டும், அதற்கு அடுத்தது அதற்கு. வாயில் சோறு இருந்தாலும் விழுங்கிவிட்டுக் கொடுக்கவேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பரணில் பாம்பு கடித்திருக்கும், அல்லது யானை வந்திருக்கும். பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு எல்லாரும் அங்கே ஓடவேண்டும். ஒருமுறை பக்கத்துச் சேனைக் கோணாமலை, வீரகத்தி புகையிலை தரவில்லை என்ற கோபத்தில் பதில் கொடுக்காமல் இருந்துவிட்டார். அத்தனைபேரும் முள்ளிலும் சேற்றிலும் விழுந்தெழும்பி ஓடிப்போய்ப் பார்த்தால் மனுசன் குந்தியிருந்து சோளன் சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். அன்று அவருக்கு அடி விழாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அந்தக் கோணாமலையும் போன வருசம் மகளோடு வாழைச்சேனைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் அதற்கு முன்னமே விட்டுவிட்டார்கள். யானைக்குத் தீனி போடவா நாங்கள் முதுகு முறிக்கிறோம் என்று கேட்டார்கள், அதில் பிழை சொல்ல முடியாது. வீரகத்தியின் மனைவி வசந்தாதேவியும் புளியந்தீவில் மகள் கிருஷாந்தினிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், பிள்ளை தவழத் தொடங்கியும் வரவில்லை.

மிச்சம் வீரகத்தி ஒருவர். வெடி போட்டுப் பார்த்தார், யானைக்கு வெடி பழகிவிட்டது. மனிதக் குரல்தான் அதற்கு இன்னும் கொஞ்சம் பயம். ஆனால் ஒரு தொண்டை எவ்வளவுதான் கத்தும்?

நிஷாந்த் அதற்குத்தான் இந்தச் சாமானை அனுப்பினான். ஊருக்கு வந்த கூட்டாளியின் சூட்கேசில் பலகை வந்தது. ஓட்டமாவடியில் சோளார் வேலை செய்கிற பஸ்லான் மோட்டார்சைக்கிளில் வந்து, நிஷாந்த் வீடியோவில் சொல்லச் சொல்லப் பொருத்திப் பூட்டினான். பகலெல்லாம் வெயில் பற்றரிக்குள் ஏறும். பொழுதுபட்டால் பலகை அந்தப் பற்றரியைத் தின்றுகொண்டு காது கொடுத்தபடி இருக்கும். காட்டுப்பக்கம் பலமாக ஏதாவது சத்தம் கேட்டால் உடனே ஹோர்னில் ஒரு மனுசக் குரல் கத்தும். குரல் நிஷாந்துடையது. அறையில் படுத்திருந்தவர்கள் எழும்பிவிடுவார்கள் என்று குளியலறைக்குள் போய் நின்று கத்திப் பதிந்து அனுப்பியிருந்தான். சின்ன வயதில் பரணில் தகப்பனின் முதுகோடு ஒட்டிக்கிடந்து கேட்டதெல்லாம் அவனுக்கு வாயில் வந்திருக்கிறது.

முதல் நாள் பொழுதுபட்டு, வீரகத்தி பரணில் ஏறிக் கூனிச் சம்பலோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். காட்டோரம் ஒரு கொப்பு முறிந்தது. உடனே பாலை மரம் கேட்டது.

"ஓஓய்! பரண்ல ஆள் இரிக்கா?"

"இரிக்கன்!" என்றார் வீரகத்தி. யோசித்துச் சொல்லவில்லை. வாயில் இருந்த சோறு புரையேறிவிட்டது.

கொஞ்சம் பொறுத்து மரம் மறுபடி கேட்டது. "முழிப்பா?"

"முழிப்புத்தான்!"

"ஓஓய்! ஆரடா அது?"

"நான்தான் மனே! அப்பா!"

சொல்லிவிட்டுத் தனியே இருந்து சிரித்தார். தன் பைத்தியத்துக்குத்தான் சிரித்தார், ஆனாலும் உள்ளே எங்கேயோ இளகிவிட்டது. அடுத்த நாளும் கேட்டது, அடுத்த நாளும் சொன்னார். பிறகு கேட்டதற்கு மட்டும் சொல்வதோடு நிற்கவில்லை. பன்றி வரம்பைக் கிளறின கதை சொன்னார். கச்சான் கடலை பூத்திருப்பதைச் சொன்னார். உன் அம்மா என்னை மறந்துபோனாள் என்று முறைப்பாடு சொன்னார். அவர் நிறுத்துகிற இடத்தில் மரம் "முழிப்பா?" என்று கேட்கும், அவர் மேலே தொடருவார். பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் அப்பா என்று அது ஒருநாளும் சொல்லவில்லை.

பற்றரி விடியுமட்டும் நிற்காமல் போனது அதற்குப் பிறகுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீரகத்திக்குத் தோன்றவில்லை. மாரிகாலம், மூட்டம், வெயில் காணாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார்.

வசந்தாதேவி புளியந்தீவிலிருந்து போன் எடுத்தாள்.

"இஞ்சருங்க, மகன் நித்திரை இல்லாமக் கிடக்கானாம். உங்கட பற்றரிதான் காரணமாம்."

"என்ட பற்றரியாகா? அவன் அனுப்பின பற்றரி."

"ஆர் அனுப்பினா என்ன? வேலைக்குப் போற புள்ள, விடிய எழும்பி உங்களுக்கு வயர் புடிக்கச் சொல்லிக் குடுத்துக்கொண்டு நிக்கான். இந்தப் போகமும் யான திண்டிச்செண்டா உடுப்பக் கட்டிக்கொண்டு இஞ்ச வந்திரணும். மகன் கேக்க நீங்க சொன்ன சொல்லு அது. ஞாபகம் இரிக்கா?"

"இரிக்கு."

"இஞ்ச என்ன குறை? ஃபேன் இரிக்கு. டீவி இரிக்கு. பேரன் இரிக்கான்."

"நீயும் இரிக்காய்."

"ஓம், நானும் இரிக்கன். என்னக் கடைசியாச் சொல்லுங்க!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். புளியந்தீவு வீட்டில் அவர் குந்தியிருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு, மழை வந்தால் உள்ளே, வெயில் என்றால் வெளியே. போனமுறை போயிருந்தபோது மருமகன் சாப்பாட்டை அந்தக் கதிரைக்கே கொண்டுவந்து தந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு இருந்தபோது, தான் உழைப்பு முடிந்துபோன ஆள் என்று வீரகத்திக்குத் தோன்றிவிட்டது. சேனை இருக்கிறவரைக்கும் அவர் வீரகத்தி. அது போனால் வெறும் கதிரைக்காரர்.

நிஷாந்த் புதுப் பற்றரிகள் நாலு அனுப்பினான். அவையும் விடியுமட்டும் நிற்கவில்லை. வோல்ட்டை ஏற்றிப் பலகைக்குக் கொடுக்கிற சின்னத் துண்டையும் மாற்றச் சொன்னான், அதற்கும் பலனில்லை. கடைசியில் பஸ்லானைப் பிடித்து, போய் முழுக்கப் பாருங்க காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினான்.

பஸ்லான் பின்னேரம் வந்தான். நாற்பதைத் தொடுகிற ஆள், கதை குறைவு, கை சுறுக்கு. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். தகடு சரி. பற்றரி நிறைந்திருந்தது. வயர்களை இழுத்துப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"ஒண்டுலயும் பிழை இல்ல அண்ணே. இது ரெண்டு நாளைக்கு மழை பெய்ஞ்சாலும் நிக்க வேணும். இந்தப் பலகை சும்மா இரிக்கக்குள்ள சோறு திங்காது. கத்தக்குள்ளதான் திங்கும்."

"மனிசரப் போல."

"ஓம், மனிசரப் போலதான்."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ்லானுக்குப் போக வழியில்லை. வீரகத்தி மரவள்ளிக் கிழங்கு அவித்துச் செத்தல் சம்பலோடு வைத்தார். இரண்டு பேரும் வாடிக்குள் இருந்து தின்றார்கள். மழை விட்டபோது மைம்மல் இருட்டாகியிருந்தது. பஸ்லான் மோட்டார்சைக்கிள் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரத்தில் ஊறிய ஒரு பட்ட கொப்பு காட்டோரம் சளாரென்று விழுந்தது.

"ஓஓய்! பரண்ல ஆள் இரிக்கா?"

"இரிக்கன்!" வீரகத்தி சட்டி கழுவிக்கொண்டே சொன்னார்.

"முழிப்பா?"

"பஸ்லான் தம்பி வந்திரிக்காரு மனே. உன்ட பற்றரியப் பாத்தாரு. பிழை இல்லையாம்."

"ஓஓய்! ஆரடா அது?"

"பஸ்லான் எண்டன்! காது கேக்கல்லயா?"

துடைத்துக்கொண்டிருந்த துணி பஸ்லானின் கையில் அப்படியே நின்றது. வீரகத்தி திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் வேற்று ஆள் ஒருவர் நிற்பது அவருக்கு உறைத்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டியை மறுபடி கழுவத் தொடங்கினார்.

"ஒவ்வொரு நாளும் இதோட பறையிறீங்களா அண்ணே?"

"சும்மா, அது கேக்கக்குள்ள..."

"எவ்வளவு நேரம்?"

"அது நிக்குமட்டும்."

பஸ்லான் சிரிக்கவில்லை. அதற்காக வீரகத்தி அவனுக்குப் பிறகு எவ்வளவோ நாள் நன்றியாக இருந்தார்.

"அண்ணே, அதுக்கு யானைச் சத்தம், மனிசன்ட சத்தம் எண்டு தெரியாது. சத்தம் கேட்டாக் கத்தும். அது கத்த நீங்க சொல்றீங்க. நீங்க சொல்ல அது திரும்பக் கத்துது. ரெண்டு பேருமாச் சேந்துதான் பற்றரியத் திண்டு முடிக்கிறீங்க. பேசாம இருந்து பாருங்க, விடியுமட்டும் நிக்கும்."

"அது கேக்குதே தம்பி. கேட்டாச் சொல்லாம இரிக்கேலுமா? பரண்ல ஆள் இரிக்கா எண்டு கேட்டா, சொல்லாதவன் செத்தவன்."

"கேக்கிறது நிஷாந்த் இல்லயே அண்ணே."

"தெரியும்," என்றார் வீரகத்தி. "எனக்குத் தெரியாதா?"

கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு வீரகத்தி, "அவனுக்கு இதச் சொல்லாதீங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டன். அது உங்கட கதை. ஆனா அவன் அங்க தன்ட வேலைதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கான். அதையும் யோசிங்க."

பஸ்லானின் மோட்டார்சைக்கிள் சத்தம் பனிச்சங்கேணிப் பக்கம் கரைந்து போனது. வீரகத்தி பரணில் ஏறி வாயை மூடிக்கொண்டு இருந்தார். மரம் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. மரம் ஓய்ந்துவிட்டது. விடிய மீட்டரில் மூன்று தசம் எட்டு. நிஷாந்த் போனில் துள்ளிக் குதித்தான்.

"வேலை செய்யுது அப்பா! அப்ப ஏதோ வயர்லதான் பிழை இருந்திரிக்கு. நான் அப்பவே நினைச்சன்."

"ஓம் மனே. நீ கெட்டிக்காரன்."

"சரி அப்பா. அப்ப வைக்கன்."

அவ்வளவு சுறுக்கென்று முடிந்துவிட்டது. அடுத்த நாள் கோல் வரவில்லை. வீரகத்தி மீட்டரும் கையுமாக மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, வெயில் ஏறத் திரும்பிவிட்டார். நல்லாயிருக்கிற ஒன்றைப் பற்றி மகன் ஏன் கேட்கவேண்டும்? நியாயம்தான். நியாயமாக இருந்தும் நெஞ்சு எரிந்தது.

அன்று பொழுதுபட்டு மரம் கேட்டது. பரண்ல ஆள் இரிக்கா? கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. மழை ஓய்ந்த காட்டில் தவளைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கொப்பு விழுந்து அது இரண்டாம் முறை கேட்டபோது வீரகத்தி துவாயை வாய்க்குள் வைத்துக் கடித்தார். மூன்றாம் முறை கேட்டபோது அவருக்குத் தாங்கவில்லை.

"இரிக்கன் மனே! இரிக்கன்! இரிக்கன்!"

அதன்பிறகு ஒன்றும் யோசிக்காமல் பேசினார். தொண்டை கட்டுமட்டும் பேசினார். பேசப் பேச மரமும் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு நேரம் அதன் குரல் பாதியில் அறுந்து நின்றது.

விடிந்தபோது கோணாமலையின் பாழ்ச்சேனைப் பக்கத்து வேலி தரையோடு கிடந்தது. சோளன் பாதிக்குமேல் இல்லை. மென்று துப்பிய சக்கை, மிதித்த சேறு, ஒவ்வொரு அடியிலும் மழைத்தண்ணி தேங்கிய வட்டமான குழி. கச்சான் பாத்திகளில் ஒரு கரை மட்டும் உழக்கப்பட்டிருந்தது, மிச்சம் எப்படியோ தப்பியிருந்தது. யானைகள் வந்தபோது வீரகத்தி பரணில்தான் இருந்தார். தகரத்தைத் தட்டினார், டோச் அடித்தார். கத்துவதற்கு மட்டும் தொண்டையில் குரல் இல்லை. இருந்த குரலையெல்லாம் பற்றரியோடு சேர்த்துத் தீர்த்துவிட்டிருந்தார்.

விசயம் எப்படியோ கதிரவெளிக்குப் போய், அங்கிருந்து புளியந்தீவுக்கும் கட்டாருக்கும் போய்விட்டது. போன் அடித்தது. நிஷாந்த் பேசத் தொடங்கியபோதே அழுகிறான் என்று தெரிந்தது.

"நான்தான் அப்பா பிழை. சரியாப் பாக்காம வேலை செய்யுதெண்டு சொல்லிப்போட்டன். என்ட சாமான நம்பித்தானே நீங்க தனிய இருந்தீங்க? உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தா நான் என்ன செய்வன்? வேணாம் அப்பா. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு அம்மாட்டப் போங்க."

வீரகத்தி மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். ஓம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். மானம் தப்பும். சேனை போகும், அது போனாலும் பரவாயில்லை. ஆனால் பிள்ளை ஆயுள் முழுக்க இதைச் சுமப்பான்.

"அழாத மனே. உன்ட சாமான்ல பிழை இல்ல."

"பின்ன என்ன?"

"நான் அதோட பறைஞ்சன்."

"ஆரோட?"

"அதோடதான். அது கேட்டிச்சி, நான் சொன்னன். நான் சொல்ல அது கேட்டிச்சி. ரெண்டு நாள் வாயப் பொத்திக்கொண்டு இருந்தன், பற்றரி விடியுமட்டும் நிண்டிச்சி. நேத்து ஏலாமப் போயிட்டு. பஸ்லான் தம்பி எனக்கு முதலே சொன்னவரு. நான்தான் கேக்கல்ல."

அந்தப் பக்கம் பஸ் இரைகிறது. பின்னால் யாரோ நிஷாந்தை பஸ்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். அவன் போகவில்லை.

"என்னத்த அப்பா அதோட பறைஞ்சீங்க?"

"பன்றி வந்தத. கச்சான் பூத்தத. கொம்மாவப் பத்தியும்."

"அதெல்லாம் எனக்கு ஒருநாளும் சொல்லல்லயே."

"நீ கேக்கல்லயே மனே," என்றார் வீரகத்தி. குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

நிஷாந்த் மூக்கை உறிஞ்சினான். பிறகு வேலை தெரிந்தவனின் குரலுக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. "சரி அப்பா. நான் அதுட காத நிப்பாட்டிப்போட்டு வேற மாதிரிச் செய்யிறன். கச்சானையாவது காப்பாத்துவம்."

அந்தக் கிழமையே பஸ்லான் வந்தான். காட்டோரம் முழுக்க மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இழுத்துக் கட்டி, நூல் இழுபட்டால் மட்டும் மரம் கத்துகிற மாதிரி மாற்றினான். பெட்டிக்குள் ஒரு சிம்மும் போட்டான்.

"இனி நீங்க மீட்டர் புடிக்கத் தேவல்ல அண்ணே. ஒவ்வொரு நாளும் விடிய அது தானாவே எத்தனை வோல்ட் எண்டு நிஷாந்துட போனுக்கு அனுப்பும். அவன் படுக்கையில கிடந்தே பாத்துக்கொள்வான்."

"நல்லது தம்பி," என்றார் வீரகத்தி.

உண்மையில் நல்லதுதான். அதற்குப் பிறகு யானை இரண்டு தரம் நூலில் முட்டி, மரம் போட்ட கத்தலில் திரும்பிப் போனது. கச்சான் காய் பிடித்தது. வசந்தாதேவி, சரி, இந்தமுறை போகட்டும் என்று விட்டுவிட்டாள். பற்றரி ஒவ்வொரு நாளும் விடியுமட்டும் நின்றது. மரம் இப்போது அவரை ஒன்றும் கேட்பதில்லை. காற்றடித்தாலும் கொப்பு விழுந்தாலும் அது பாட்டுக்கு இருந்தது. வீரகத்தி ஒருமுறை இருமிப் பார்த்தார், பேசாமல் இருந்தது. கட்டாரிலிருந்தும் கோல் இல்லை. காலையில் நம்பர் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, பிள்ளை நிம்மதியாக பஸ் ஏறிவிடுவான் போலும். சோற்றை வடித்துவிட்டு ஒருநாள் வீரகத்தி சத்தமாக, "உப்புக் கூடிப்போச்சு" என்றார். வாடிக்குள் அதைக் கேட்க ஒரு பல்லிகூட இல்லை.

அடுத்த நாள் காலையில் அவர் மரத்தடிக்குப் போய்த் தானே கோல் எடுத்தார். நாலு வருசத்தில் அவராக எடுத்தது அதுதான் முதல்தரம்.

"அப்பா? என்ன அப்பா, ஏதும் பிரச்சினையா?"

"இல்ல மனே."

"யான வந்ததா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு எடுத்தீங்க?"

வீரகத்திக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"பற்றரி குறையுது போல கிடக்கு. மூணுதான் காட்டுது."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நம்பர் இதற்குள் மகனுடைய போனுக்குப் போயிருக்கும். நேற்றும் வெயில், முந்தநாளும் வெயில். பற்றரி நிறைந்து கிடக்கிறது. தகப்பன் பொய் சொல்கிறார் என்று பிள்ளை கையிலேயே பார்த்துக்கொண்டிருப்பான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தார்.

அந்தப் பக்கம் நிஷாந்த் யாரிடமோ, நீங்க போங்க, நான் அடுத்த பஸ்ஸில வாறன் என்று சொல்வது கேட்டது.

"ஓம் அப்பா," என்றான். "இஞ்சயும் குறைஞ்சுதான் காட்டுது. மீட்டர எடுத்துக்கொண்டு வாங்க, ஒவ்வொண்டாப் பாப்பம்."

மீட்டர் வாடிக்குள் இருந்தது. வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.